நல்ல படம் வேறு, பிடித்த படம் வேறு

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இப்போதுதான் கேமரா வாங்கியிருக்கிறாராம். மூத்த போட்டோகிராபர் யாரைப் பார்த்தாலும் "உங்களுக்கு ரொம்பப் பிடித்த படம் எது?" என்று கேட்பது அவர் வழக்கம். அவர்கள் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் சுமாரான படமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள் என்கிறார். "கதை சொன்னால்தான் படம் நிற்கும் என்றால் அது படத்தின் குறைதானே? நானும் செட்டிநாட்டு வீடுகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். படம் அழகாக இருக்கிறது, கதை இல்லை என்கிறார்கள். கதைக்கு நான் எங்கே போவது?" என்பது கேள்வி.

காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், பிள்ளைகளுக்குச் செய்யும் புதுமைச் சடங்கு என்று எடுத்துப் பிழைத்தவன் நான். இப்போது கேமராவைத் தூக்குவது குறைவு. பழைய படங்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. அதனால் இரண்டு பக்கமும் தெரியும் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

தம்பி, நல்ல படமும் பிடித்த படமும் ஒன்று என்று நினைத்துக் கேட்கிறீர்கள். நல்ல படம் எது என்று சொல்ல வேண்டியவர் பார்க்கிறவர். அவருக்குப் படத்தின் சட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும், அது போதும். பிடித்த படத்தைச் சொல்கிறவர் எடுத்தவர். அவருக்குச் சட்டத்துக்கு வெளியே இருந்ததெல்லாம் தெரியும். அன்றைக்கு அடித்த வெயில், பின்னால் நின்றவர் சொன்ன சொல், எடுக்கலாமா கூடாதா என்று வந்த தயக்கம், வயிற்றுப் பசி எல்லாம் அந்தத் தாளில் அவருக்கு மட்டும் தெரிகிறது. நமக்குத் தெரியாததால்தான் வாய்விட்டுச் சொல்கிறார். சொல்லும்போது படம் மேலும் நல்லதாகிவிடாது. அவருக்கு ஏன் பிடித்தது என்பது மட்டும் நமக்குப் புரியும்.

இரண்டும் ஒன்றாக அமைகிற அதிர்ஷ்டசாலிகளும் உண்டு. அமெரிக்கப் போட்டோகிராபர் ஆன்சல் ஆடம்ஸ் அப்படி ஒருவர். 1941 நவம்பர் 1. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பக்கம் பகல் முழுக்க அலைந்தும் ஒன்றும் சரியாக அமையாமல் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைத் தாண்டும்போது பார்த்தால் கிழக்கே நிலா எழுந்திருக்கிறது, மேற்கே இறங்குகிற வெயில் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மேல் விழுகிறது. வண்டியை ஓரங்கட்டி, எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய கேமராவை நிறுத்திவிட்டுத் தேடினால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காணோம். நிலாவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்று எப்போதோ மனதில் போட்டு வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். பிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போட்டு இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த படம் அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து வந்ததுதான்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். மீட்டர் கிடைக்காததும், 250 என்ற எண்ணும், இரண்டாவது படம் தப்பியதும் ஞாபகத்தில் இருந்த மனிதருக்கு வருஷம் ஞாபகம் இல்லை. ஒரு இடத்தில் ஒரு வருஷம் சொல்வார், இன்னொரு இடத்தில் இன்னொன்று. கடைசியில், நிலா நிற்கிற உயரத்தை வைத்து வானியல்காரர்கள் கணக்குப் போட்டார்கள். முதலில் போட்ட கணக்கு ஒரு நாள் பிசகி, பிறகு 1991-இல்தான் நாளும், மாலை 4.49 என்ற நேரமும் முடிவாயின. போட்டோகிராபரின் ஞாபகம் அப்படித்தான். வெளிச்சத்தை விடாது, தேதியை விட்டுவிடும். அவர்கள் சொல்லும் கதையைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தி ராட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற படம் நம் பள்ளிக்கூடப் புத்தகங்களிலெல்லாம் வந்தது. 1946-இல் அமெரிக்கப் போட்டோகிராபர் மார்கரெட் பர்க்-வைட் எடுத்தது. அவர் கேமராவோடு போய் நின்றபோது, நூற்கத் தெரியாமல் நூற்பவரை எப்படி எடுப்பீர்கள் என்று காந்தியின் உதவியாளர்கள் கேட்டு, முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொள்ள வைத்தார்கள். காந்திக்குக் கண்கூசும் வெளிச்சம் ஆகாது, அதனால் மூன்றே மூன்று பிளாஷ் பல்புகளுக்குத்தான் அனுமதி. முதல் இரண்டும் வீணாகி, மூன்றாவதில் படம் விழுந்தது. அமைதியே உருவான அந்தப் படத்துக்குப் பின்னால் இவ்வளவு பதற்றம் இருந்தது என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தெரியாமலே அது நல்ல படம்தான். ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசினால் எதைப் பேசுவார் என்று நினைக்கிறீர்கள்? அந்த மூன்றாவது பல்பைத்தான்.

எடுக்காமல் போன படமும் எடுத்த படத்துக்குச் சமமாக ஒருவரைப் பிடித்து வைத்திருக்கும். 1948 ஜனவரி 30. அன்று பிற்பகல் பிரெஞ்சுப் போட்டோகிராபர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்துத் தன் படப்புத்தகம் ஒன்றைக் காட்டினார். பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்த காந்தி, பிரெஞ்சுக் கவிஞர் பால் கிளோடெல் சவ வண்டியின் அருகில் நிற்கிற படத்தில் நின்று, இதற்கு என்ன பொருள் என்று கேட்டுவிட்டு, மரணம் என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக அவர் பிற்பாடு நினைவுகூர்ந்தார். அவர் விடைபெற்று வந்த சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அதே நாளில், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அறியப்பட்ட ஹோமாய் வியாரவாலா அந்தப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவர், நாளைக்குச் சேர்ந்தே போகலாம் என்று கணவர் கூப்பிட்டதால் திரும்பிவிட்டார். மவுண்ட்பேட்டன், நேரு என்று அவர் எடுக்காத பெரிய மனிதர் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மாலையைச் சொல்லி வருந்தியிருக்கிறார். அவர் 98 வயது வரை இருந்தார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. படம் எடுத்தவருக்கு ஒரு கதை என்றால், படத்தில் இருப்பவருக்கு வேறு கதை. அமெரிக்கப் போட்டோகிராபர் டோரதியா லாங் 1936-இல் கலிபோர்னியாவின் பட்டாணி பறிக்கும் கூலிகள் முகாமில் எடுத்த தாயின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பிள்ளைகள் தோளில் முகம் புதைத்திருக்க, தாய் கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்ப்பார். முகாமின் பலகையைத் தாண்டி இருபது மைல் போன பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினேன் என்று லாங் எழுதினார். கார் டயரை விற்றுச் சாப்பிட்டதாக அந்தத் தாய் சொன்னார் என்றும், பெயரை நான் கேட்கவில்லை என்றும் எழுதினார். நாற்பது வருஷம் கழித்துத்தான் அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே வந்தது. டயர் விற்ற கதை நடக்கவே இல்லை என்றது குடும்பம். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்பது அந்த அம்மாளின் பேச்சு. லாங் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பல குடும்பங்களைப் பார்க்கிறவருக்கு ஒருவர் கதை இன்னொருவரோடு ஒட்டிக்கொள்வது சகஜம். ஆனால் ஒரு பெயரைக் கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் இருந்திருக்காது. பெயர் கேளுங்கள் தம்பி. கதை தானாக வரும்.

நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. கோட்டையூர் ஏ.கே. செட்டியார், 1911-இல் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர், பிறகு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோகிராபி படித்தவர். காந்தியைப் பற்றி முழுநீள டாக்குமெண்டரி எடுக்கிறேன் என்று கிளம்பி, இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா என்று அலைந்து ஐம்பதாயிரம் அடி பிலிம் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டார். அதில் நிறைய அவர் எடுத்ததல்ல, எங்கெங்கோ பெட்டிக்குள் கிடந்ததைத் தேடிப் பிடித்து வாங்கியது. அந்தப் பிலிம் ஒவ்வொன்றும் யாரிடம் எப்படிக் கிடைத்தது, எந்த வாசலில் நின்று காத்திருந்தார் என்பதை 'குமரி மலர்' இதழில் எழுதி வைத்தார். அதனால்தான் இன்றைக்கும் நாம் அதைப் பேச முடிகிறது. எழுதியதில்கூடத் தன்னை முன்னால் நிறுத்த மாட்டார். தன்னைப் படமெடுக்கவும் விடமாட்டார். உலகத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்தவருடைய படம் கிடைப்பதுதான் அரிது.

நம் வீடுகளுக்கு வருவோம். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை, ஆனால் என்ன எடுத்திருப்பீர்கள் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். முகப்பில் நின்று, பட்டாலை என்கிற முன்கூடம், வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பின்வாசல் வரைக்கும் ஒரே கோட்டில் தெரிகிற படம். பர்மாத் தேக்குத் தூண் வரிசை. ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூக்கல் பாவிய தரையில் கலர் கண்ணாடி வெளிச்சம். கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வருகிற எல்லோரும் எடுக்கிற படங்கள் இவை. எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வளவின் திறந்த வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் தரையில் பட்டு மேலே எழும்பி, தூண் நிழலில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைக் கீழிருந்து தூக்கிக் காட்டும். எந்த ஸ்டூடியோ விளக்கும் அப்படிச் செய்யாது. காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அதைப் பாருங்கள். ஆனால் அந்த வெளிச்சத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். காவல்காரர் மட்டும் இருக்கிற வீட்டில் தூண்தான் கிடைக்கும்.

அந்த வீடுகளில் கதை எங்கே இருக்கிறது என்றால், நீங்கள் எடுக்கப் போகும் படத்தில் அல்ல, ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் படத்தில். அண்ணாந்து பாருங்கள். வளவைச் சுற்றி, மேல்பக்கம் முன்னால் சாய்ந்த மாதிரி மாட்டியிருப்பார்கள். ரவிவர்மா அச்சுப் படங்களுக்கும் தஞ்சாவூர் ஓவியங்களுக்கும் இடையில் ஐயாக்களும் ஆயாக்களும் அப்பத்தாக்களும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் கையை வைத்து, சிரிக்காமல். பழைய குரூப் படத்தில் பெரியவர்கள் அசையாமல் கல்லாக நிற்பார்கள். கீழே உட்கார்ந்த குழந்தைக்கு மட்டும் முகம் கரைந்து போயிருக்கும், ஷட்டர் மூடுவதற்குள் திரும்பிவிட்டது. அந்தக் குழந்தைதான் இப்போது நம்மிடம் படத்தைக் கொண்டுவந்து சரிசெய்யச் சொல்லும் எண்பது வயது அப்பச்சி.

சரிசெய்யும் வேலையில் முதல் காரியம் பிரேமைக் கழற்றுவது. பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும், அதன் மேல் இராமபாணப் பூச்சி மேய்ந்த வரிகள். துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்தால் மெல்லிய பலகை வரும். பலகைக்கும் படத்துக்கும் நடுவில் பஞ்சாங்கத் தாளோ, ரங்கூன் பத்திரிகையின் கிழிசலோ அட்டையாக வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள், காலத்தைச் சொல்வது அதுதான். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பான இடங்களில், ஓரமாக, ஈயம் பூசிய மாதிரி மினுங்கும். அது வெள்ளி மேலே ஏறி வந்த மினுக்கம், அசல் படம் என்பதற்கு நல்ல அடையாளம். நகைகளில் மஞ்சள் தொட்டு வைத்திருப்பார்கள். கழுத்துரு என்கிற பெரிய தாலி போட்ட பெண்ணின் படம் என்றால் அந்தக் காலத்துக் கலர்காரர் மணிக்கு மணி நிறுத்தி நிறுத்தி வைத்த புள்ளி தெரியும். புடவைக்கு அவர் இஷ்டத்துக்கு ஒரு நிறம். கண்டாங்கிச் சேலையின் அரக்கு நிறம் என்று பேத்தி நினைத்துக்கொண்டிருப்பது கலர்காரரிடம் அன்று மிச்சமிருந்த அரக்காகவும் இருக்கலாம். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஒருமுறை, கண்டனூர்ப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து பெரிய ஐயா படம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் மாலை போட்டுக் கும்பிட்ட படம். பிரித்தால் பின்னால் ரங்கூன் ஸ்டூடியோவின் முத்திரை, அதன் கீழே மையில் ஒரு பெயர். அந்தப் பெயர் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. வீட்டிலிருந்த பழைய கணக்கு ஏடுகளைப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். அவர் கடையைப் பார்த்துக்கொண்ட மேலாள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஐயாவும் அவரும் ஒரே நாளில் ஒரே ஸ்டூடியோவில் படம் எடுத்து, இரண்டும் ஊருக்கு வந்து, ஐயாவின் படம் எப்படியோ தொலைந்து, இவர் மாலை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். குடும்பத்தில் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் வீட்டு அப்பத்தா, "அவுக நம்ம பெட்டியடியக் காத்தவுக. அங்கனயே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். பெட்டியடி என்றால் கடையில் பணப்பெட்டி இருக்கும் இடம். இப்போதும் அங்கேதான் மாட்டியிருக்கிறது, கீழே சரியான பெயரோடு.

இன்னொரு வகைப் படம் உண்டு, சொல்லத் தயங்குகிற வகை. வீட்டில் எத்தனையோ ஆச்சிமார் உயிரோடு இருந்தவரை படமே எடுத்துக்கொண்டதில்லை. கேமரா ஆயுசைக் குறைக்கும் என்ற பயமும் உண்டு, யாரும் எடுக்க நினைக்கவில்லை என்பதும் உண்டு. இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, நகை பூட்டி, ஒரே ஒரு படம் எடுப்பார்கள். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவிலோ பிரிண்டிலோ கண்ணைத் திறந்து வரைந்துவிடுவார். நம் பக்கம் இது வழக்கமாக நடந்த வேலை. தொழில் தெரிந்தவன் பார்த்தால் தெரியும், கண்மணி இரண்டும் ஒரே அளவில், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நட்டநடுவில் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. "ஆயா எவ்வளவு கம்பீரமா பாக்குறாக" என்று சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் சொல்வேன். இந்தக் கதை போட்டோகிராபருக்குத் தெரிந்தது, படத்தில் இருக்கக் கூடாது என்றே மறைக்கப்பட்டது. எல்லாக் கதையையும் தலைப்பாகப் போட்டுவிட முடியாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, தேக்குக் கதவு இவற்றுக்கு நடுவில் இந்தப் படங்களும் அடுக்கியிருக்கும். வீட்டைப் பிரிக்கும்போது தூணோடு சேர்ந்து வந்தவை. வெளியூர் ஓட்டல்காரர்கள் சுவர் அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள், பிரேமுக்குத்தான் விலை. அந்த முகங்களில் பல, என் கண்ணுக்கு, மிக நல்ல படங்கள். வெளிச்சம், நிற்கிற தோரணை எல்லாம் அபாரம். ஆனால் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எடுத்தவர் யார் என்பதும் தெரியாது. கதை இல்லாமல் படம் நிற்குமா என்று கேட்டீர்களே, நிற்கும். அங்கே போய்ப் பாருங்கள், விலைக்கு நிற்கிறது.

எனக்குப் பிடித்த படம் எது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இவ்வளவு பேசியவன் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. பள்ளத்தூரில் ஒரு வீட்டில், பிள்ளையார் நோன்பு அன்று எடுத்தது. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள், செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் 21 இழை நூலைத் திரியாக்கி, இனிப்பு மாவில் செருகி, நெய் தொட்டு ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்காகக் கொடுப்பார். சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்பார்கள். இதைப் பிளாஷ் போட்டு எடுத்தால் சுடர் செத்துப்போகும், மாவு உருண்டைதான் தெரியும். பிளாஷ் இல்லாமல் எடுத்தால் அந்தக் காலத்து 400 பிலிமில், லென்சை முழுக்கத் திறந்து, முப்பதில் ஒரு பங்கு நொடி. கை அசைந்தால் போச்சு. சுடர் வாய்க்குள் போக ஆகிற நேரம் கண் இமைக்கிற நேரம்.

அந்த வீட்டில் ஆறு வயசுப் பையன் ஒருவன், முதல் தடவை இழை எடுக்கப் போகிறான். சுடரைப் பார்த்ததும் அப்பச்சியின் வேட்டிக்குப் பின்னால் போய்விட்டான். அழுகை என்றால் தெருவே கேட்கிற அழுகை. அப்பத்தா திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. தன் கையிலிருந்ததை அவன் எதிரில் வாயில் போட்டு, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார். அடுத்ததை ஏற்றி நீட்டினார். பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். அப்போது எடுத்தது. படத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? அப்பத்தாவின் கை, ஆடிப்போய். ஒரு சுடர். பாதி வாய், ஒரு கண்ணின் சுருக்கம். மற்றதெல்லாம் கறுப்பு. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள், தள்ளவும் வேண்டும். அதை விழுங்கிவிட்டு அடுத்த நொடி அவன் "இன்னொண்ணு" என்று கையை நீட்டியதும், வளவு முழுக்கச் சிரித்ததும் எனக்குத்தான் அதில் கேட்கிறது.

அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். போன வருஷம் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கதையைச் சொன்னேன். "நான் அழவே இல்லண்ணே, அழுதது எங்க சின்னம்மா மகன்" என்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பக்கத்தில் நின்றவர்களில் அப்பத்தா இப்போது இல்லை, மற்றவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் என் கதையை விடுவதாக இல்லை.

கதையிலும் தரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு வருகிற போட்டோகிராபர்களிடம் பிடித்த படத்தைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் மாடு தன்னைத் தாண்டிக் குதித்த கதையைச் சொல்வார்கள். பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாடு எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது, ஆபத்து உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் போட்டோகிராபர்தான் இருக்கிறார், மாடும் இல்லை, மாட்டுக்காரரும் இல்லை. அது யாருடைய மாடு, எந்த ஊர், வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டால் தெரியாது. இப்படிப்பட்ட கதை படத்தில் ஒட்டாது, சொல்கிறவர் எழுந்து போனதும் கூடவே போய்விடும்.

இதற்கு நேர்மாறாக, என் நண்பர் ஒருவர் வைத்திருக்கும் படத்தில் தரை மட்டும்தான் இருக்கிறது. வீடு பிரிக்கிற இடத்தில் எடுத்தது. தூணை எடுத்த பிறகு ஆத்தங்குடிக் கல்லுக்கு நடுவில் சதுரமாக ஒரு வெற்றிடம், அதில் கொஞ்சம் சுண்ணாம்பு மண். தூண் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவர் அங்கே குனிந்து, இதன் மேல்தான் எனக்கு உயரம் அளந்து கோடு போடுவார்கள் என்றாராம். கோடு லாரியில் போய்விட்டது. நண்பர் இந்தச் சொல்லைப் பிரிண்டின் பின்னால் பென்சிலில் எழுதி, நாளையும் எழுதி வைத்திருக்கிறார். இனி யார் கையில் போனாலும் அது கூடவே போகும்.

உங்களுக்கு நான் சொல்வதும் அந்த வேலைதான். எடுத்த அன்று ராத்திரியே எழுதுங்கள். மறுநாள் என்றால் ஞாபகம் அழகுபடுத்த ஆரம்பித்துவிடும். பிரிண்ட் என்றால் பின்பக்கம், ஓரத்தில், மெல்லிய பென்சிலால். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். டிஜிட்டல் என்றால் பைலின் விவரப் பகுதியிலேயே எழுதுங்கள், தனித் தாளில் எழுதினால் பிரிந்து போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும் என்பதால் அசலைத் தனியாக வையுங்கள். குரூப் படம் என்றால் இடமிருந்து வலம் பெயர் மட்டும் போதாது. நம் ஊரில் ஒரே பெயர் ஒரு வீட்டிலேயே மூன்று பேருக்கு இருக்கும், ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம். யாருக்கு யார் என்ன முறை, எந்தக் கோயில் பிரிவு, எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தது என்று சேர்த்து எழுதினால்தான் ஐம்பது வருஷம் கழித்து உதவும்.

பெரியவர்களிடம் பழைய படத்தை நீட்டி "இது யாரு ஆச்சி?" என்று கேட்டால் பெரும்பாலும் "தெரியலப்பா" என்றுதான் வரும். முகம் மறந்திருக்கும், கண்ணும் மங்கியிருக்கும். சாமானைக் கேளுங்கள். இந்த நாற்காலி யார் வீட்டில் கிடந்தது, இந்தக் கடிகாரம் எங்கே வாங்கியது, இந்த அட்டிகை இப்போது யாரிடம் இருக்கிறது. குரூப் படம் ஒன்றில் ஒரு முகத்தையும் அடையாளம் சொல்லாத ஆச்சி ஒருவர், மூன்றாவது வரிசைப் பெண்ணின் சங்கிலியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அது எந்தக் கல்யாணத்துக்குச் செய்தது, எந்தத் தங்கச்சிக்குப் போனது, எதற்காக அடகு வைத்தது வரைக்கும் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை, செட்டுக் கணக்கு, கடிதம் என்று வீட்டில் கிடப்பதையும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோட்டையூரில் போர்டு எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று போட்டதையெல்லாம் சேர்த்தார். அது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. பத்திரிகையிலிருக்கும் தேதி, படத்திலிருக்கும் பந்தலோடு பொருந்திவிட்டால் ஆன்சல் ஆடம்ஸின் நிலாவுக்கு வேலையே இல்லை.

வீட்டுப் படத்தை வெளியில் போடுவதற்கு முன் கேளுங்கள். ஒரு வீட்டில் பத்து, பதினைந்து புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள் இருக்கும். சாவி கொடுத்தவர் ஒருவர் சரி என்றால் எல்லோரும் சரி என்றதாக ஆகாது. சாமி வீடும், குடும்பங்களின் சொந்த இரட்டை அறையும் எடுக்கவே வேண்டாம் என்பவர்கள் உண்டு, அதை மதியுங்கள். கண்காட்சிக்கு உங்களுடைய நல்ல படத்தை அனுப்புங்கள், கீழே பெயரும் ஊரும் வருஷமும் மட்டும் போடுங்கள். பிடித்த படத்தை ஆல்பத்தில் வையுங்கள். அடுத்தமுறை காரைக்குடிக்கு வரும்போது அந்த ஆல்பத்தை எடுத்துவாருங்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் கடை திறந்திருக்கும்.